அட்ரியாட்டிக் கரையில் குடும்ப விடுமுறை

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் உண்டு. அது ஊருக்குப் போதல். பள்ளிக்கூடம் மூடும் நாளை எண்ணி, மாதக்கணக்கில் முன்னதாகவே ரயில் சீட்டுக்கு ஏற்பாடு செய்து, கட்டுச்சோறும் மூட்டை முடிச்சுமாக ஒன்றிரண்டு இரவுகளை வண்டியிலே கழித்து, பாட்டி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தால்தான் விடுமுறை தொடங்கிற்று என்று நம் மனம் ஒப்புக்கொள்கிறது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, நிலத்தகராறு என்று அந்த நாட்களிலும் வேலைக்குக் குறைவில்லை. ஒரு கடற்கரையில் பதினைந்து நாள், வேறு காரியம் ஒன்றுமின்றி, மனைவி மக்களோடு தங்கியிருப்பது என்பது நம்மவருள் பலருக்குப் பழக்கமில்லாத செய்தி.

ஐரோப்பாவில் அட்ரியாட்டிக் கடலின் இரு கரைகளிலும் அவ்வழக்கம் நன்றாக வேரூன்றியிருக்கிறது. கொல்லரும் தச்சரும் ஆசிரியரும் ஆலைத் தொழிலாளரும் ஆண்டுதோறும் குடும்பத்தோடு அங்கே சென்று தங்குகிறார்கள். அவர்களிற் பலர் பெருஞ்செல்வர் அல்லர். அப்படியானால் அவர்களுக்கு இது எவ்வாறு கைகூடிற்று? நோயாளிக்கு மருந்தாகத் தொடங்கி, பிரபுக்களுக்கு நாகரிகமாக வளர்ந்த ஒரு பழக்கம், உழைப்பாளியின் உரிமையாக மாறியது எப்படி? இக்கேள்விக்கு விடை தேடுவதே இந்தப் பேச்சின் நோக்கம்.

முதலில் கடலின் இயல்பை அறிந்துகொள்வோம். தேசப்படத்தில் இத்தாலி நாடு முழங்கால் வரை நீண்ட ஒரு பாதரட்சை போலத் தோன்றும். அதன் பின்புறத்தே, குதிகாலுக்கு மேலிருந்து வடக்கே வெனிஸ் நகரம் வரை நீண்டு கிடக்கும் குறுகிய கடலே அட்ரியாட்டிக். நீளம் சுமார் 800 கிலோமீட்டர். மேற்குக் கரை முழுவதும் இத்தாலிக்குரியது. வடக்கிலிருந்து கிழக்குக் கரை வழியாகத் தெற்கே வந்தால் ஸ்லோவீனியா, குரோஷியா, பாஸ்னியா, மாண்டிநீக்ரோ, அல்பேனியா ஆகிய நாடுகள் வரிசையாக அமைந்துள்ளன.

ஒரே கடலாயினும் அதன் இரு கரைகளும் உடன்பிறந்தும் குணம் மாறிய இரு சகோதரிகளைப் போன்றவை. மேற்குக் கரை தாழ்ந்த மணற்கரை. ஆல்ப்ஸ் மலைநீரைச் சுமந்துவரும் போ நதியும், அப்பெனைன் மலையிலிருந்து இறங்கும் சிற்றாறுகளும் காலங்காலமாக வண்டலும் மணலும் கொண்டுவந்து கொட்டியமையால் அக்கரை உண்டாயிற்று. கிழக்குக் கரையோ சுண்ணாம்புப் பாறைக் கரை. அங்கே மலை நேரே கடலுக்குள் இறங்குகிறது. கடந்த பனியூழிக் காலத்தில் உலகத்துக் கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. வட அட்ரியாட்டிக் அப்போது புல் வளர்ந்த சமவெளி. பனி உருகிக் கடல் ஏறியபோது கிழக்குப் பக்கத்து மலைத்தொடர்களின் பள்ளத்தாக்குகள் மூழ்கின. முகடுகள் மட்டும் தீவுகளாக நின்றன. குரோஷியாவுக்கு மாத்திரம் இவ்வாறு தீவும் திட்டும் பாறையுமாக 1,200-க்கு மேல் உள்ளன. அவற்றில் மக்கள் நிலையாக வாழ்வன சுமார் 50 தான்.

கிழக்குக் கரையில் நீர் கண்ணாடிபோல் தெளிந்திருப்பதற்கும் காரணம் உண்டு. சுண்ணாம்புப் பாறையில் பெய்யும் மழை பெரும்பாலும் நிலத்தடியில் மறைந்து ஓடுகிறது; ஆகவே கடலைக் கலக்கும் வண்டல் அங்கே குறைவு. அன்றியும் இக்கடலின் நீரோட்டம் கிழக்குக் கரையோரமாக வடக்கே ஏறி, மேற்குக் கரையோரமாகத் தெற்கே இறங்குகிறது. போ நதியின் கலங்கல் நீர் அதனால் இத்தாலியக் கரையை ஒட்டியே செல்லும். ஒரு கரையில் மணலும், மறுகரையில் தெளிவுமாக இயற்கை பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது.

குழந்தைகளோடு செல்லும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. கடலின் வடபகுதியில் ஆழம் பெரும்பாலும் 50 மீட்டருக்குட்பட்டதே. ஏற்றவற்றமும் சிறிது, வடமுனையில் ஏறத்தாழ ஒரு மீட்டர், பிற இடங்களில் அதனினும் குறைவு. சென்னைக் கடற்கரையில் நான்கடி இறங்குமுன் காலடி மணலை அலை பறித்துக்கொண்டு போவதை அறிந்தவர்கள், ரிமினிக் கரையைக் கண்டால் வியப்படைவார்கள். அங்கே கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தும் தண்ணீர் இடுப்பளவாகவே இருக்கும் இடங்கள் பல. கோடைகாலத்தில் நீர் 25 பாகை செல்சியஸ் அளவில் இதமாக இருக்கும். கிழக்குக் கரையில் அவ்வளவு எளிதன்று. பாறையிலிருந்து இறங்கினால் இரண்டு அடியில் ஆழம் வந்துவிடும். உடல் முழுதும் முள் நிறைந்த சிறு கடலுயிர்கள் பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். மிதித்தவர் காலில் முள் ஒடிந்து தங்கிவிடும். ஆகையால் அங்கே குளிப்போர் ரப்பர்ச் செருப்பு அணிந்தே நீரில் இறங்குகிறார்கள். ராப் தீவின் லோப்பார் போன்ற சில இடங்களில் மட்டும் சிறுவர்க்கேற்ற மணற்கரை உண்டு.

இத்தகைய கரைகளுக்கு மக்கள் எப்போதும் விரும்பிச் சென்றார்கள் என்று எண்ணலாகாது. பல நூற்றாண்டுகள் கடற்கரை என்பது மீனவர்க்கும் மாலுமிக்கும் உப்பு விளைவிப்போர்க்கும் உரிய உழைப்புக் களமாகவே இருந்தது. சதுப்பும் கொசுவும் காய்ச்சலும் கடற்கொள்ளையரும் நினைவுக்கு வந்த இடத்தில் யார் பொழுதுபோக்கத் தங்குவார்? பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டு மருத்துவர்கள் கடல்நீராட்டை மருந்தாகச் சொல்லத் தொடங்கிய பின்னரே ஐரோப்பியர் மனம் மெல்ல மாறிற்று.

அந்த மாற்றம் அட்ரியாட்டிக் கரையை அடைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ரிமினி நகரில் 1843-ஆம் ஆண்டு முதலாவது கடல்நீராட்டு நிலையம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு, 1844-இல், எதிர்க்கரையின் வடகோடியிலுள்ள ஓபாத்தியா என்ற சிற்றூரில் ஒரு வணிகர் தம் விருந்தினருக்காக மாளிகை ஒன்று எழுப்பினார். ஹ்வார் தீவில் 1868-இல் ஒரு சுகாதாரச் சங்கம் தோன்றி, நோயுற்றோர் வந்து தங்குவதற்கு வேண்டிய வசதிகளைச் செய்தது. 1873-இல் அருகிலுள்ள ரியேக்கா துறைமுகத்துக்கு ரயில் பாதை வந்ததும், வியன்னாவின் பிரபுக்களும் செல்வர்களும் ஓபாத்தியாவுக்குத் திரண்டனர். 1884-இல் அங்கே பெரிய ஓட்டல் எழுந்தது. அக்காலத்தில் குளிர்காலமே அவர்களுக்குப் பருவம். வெயிலில் உடல் கறுப்பது உழைப்பாளியின் அடையாளம் என்று கருதிய மேற்குடியினர், இதமான குளிர்காலக் காற்றை உட்கொண்டு நிழலில் உலாவினர்.

நீராட்டு முறையும் கட்டுப்பாடு மிக்கதாயிருந்தது. மரக் கூடங்களுக்குள் உடை மாற்றிக்கொண்டு, ஆடவரும் மகளிரும் தனித்தனியே நீராடுவது பல இடங்களில் வழக்கம். அவ்வழக்கத்தின் எச்சம் ஒன்றை இன்றும் காணலாம். திரியெஸ்தே துறைமுக நகரில் 1903-இல் ஏற்பட்ட ஒரு பொதுக் குளியல் கரையில், ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமுள்ள வெண்சுவர் ஒன்று கரையை இரண்டாகப் பிரித்துக் கடலுக்குள்ளும் சிறிது தூரம் செல்கிறது. ஒரு பக்கம் ஆண்கள். மறுபக்கம் பெண்களும் குழந்தைகளும். காலம் மாறியும் அந்நகரத்துப் பெண்கள் அச்சுவரை இடிக்க இசைந்ததில்லை. கூச்சமின்றி, பிறர் பார்வையின்றி, தங்களுக்குள் பேசிச் சிரித்திருக்க அது உதவுகிறது என்பது அவர்கள் கூறும் காரணம். நம் ஊர் ஆற்றுப் படித்துறையில் பெண்கள் துறை என்று ஒன்று தனியே இருந்ததை நினைவில் வைத்திருப்போர்க்கு இது புரியாத செய்தியன்று.

பிரபுக்கள் ஒரு பக்கம் உலாவிய அதே காலத்தில், ஏழைக் குழந்தைகளுக்காகவும் கடற்கரை திறக்கலாயிற்று. கழுத்துக் கழலைகள் வீங்கிப் புண்ணாகும் கண்டமாலை நோய் அந்நாளில் நகரத்துச் சேரிக் குழந்தைகளை வாட்டி வந்தது. இருண்ட வீடும் போதாத உணவும் அந்நோய்க்குத் துணை. பிளாரன்ஸ் நகரத்து மருத்துவர் ஜூஸெப்பே பாரெல்லாய் இக்குழந்தைகளைக் கடற்கரையில் சில வாரங்கள் வைத்து, வெயிலும் காற்றும் நல்லுணவும் கிடைக்கச் செய்யவேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லி நிதி திரட்டினார். இத்தாலியின் மேற்குக் கடற்கரையான வியாரெஜ்ஜியோவில் 1856-இல் தொடங்கிய அப்பணி, பின்னர் வெனிஸ் அருகிலுள்ள லிடோ, ரிமினி முதலிய அட்ரியாட்டிக் ஊர்களுக்கும் பரவிற்று. பணமில்லாதவன் வீட்டுக் குழந்தைக்கும் கடற்காற்று வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கரையில் ஊன்றியது இவ்வாறுதான்.

நல்ல எண்ணம் ஒன்று பிறர் கையில் சிக்கித் திரிபடைவதும் உண்டு. 1930-களில் முசோலினியின் பாசிச அரசு இந்தக் குழந்தை விடுதிகளை எடுத்துக்கொண்டு பெருக்கிற்று. ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர் சீருடை அணிந்து, அணிவகுத்து, கொடிவணக்கம் செய்து கடலில் இறங்கினர். ஓய்வும் அணிநடையாயிற்று. கத்தோலிக்கா என்ற ஊரில் 1934-இல் கப்பல்களின் உருவில் கட்டப்பட்ட ஒரு விடுதி, அயல்நாடுகளில் குடியேறிய இத்தாலியரின் பிள்ளைகளுக்கென்றே ஏற்பட்டது. தாய்நாட்டைக் காணாது பிற மொழிச் சூழலில் வளரும் பிள்ளைகளைக் கோடையில் அழைத்து வந்து அவர்கள் உள்ளத்தைத் தன்பால் ஈர்த்துக்கொள்வது அரசின் நோக்கம். புலம்பெயர்ந்தோர் ஏக்கத்தை அரசியல் எவ்வளவு கூர்மையாக அறிந்து பயன்படுத்துகிறது என்பதற்கு அது ஒரு சான்று. இன்று அக்கட்டடங்களில் மீன்காட்சிசாலை நடைபெறுகிறது.

பின்னர் உலகப் போர் வந்தது. 1943 இறுதி முதல் ரிமினியின்மீது குண்டுகள் விழுந்தன. நகரத்தின் பெரும்பகுதி இடிபாடாயிற்று. ஜெர்மானியரின் அரண்வரிசை அக்கரையில் கடலைத் தொட்டது. 1944 செப்டம்பர் 21-ஆம் நாள் நேசப் படைகள் ரிமினியைக் கைப்பற்றின. அந்தப் போரில் இந்தியப் படைவீரரும் கூர்க்கா வீரரும் ஈடுபட்டனர். ரிமினியிலிருந்து சான் மரினோ செல்லும் சாலையில் கூர்க்காப் போர்க் கல்லறைத் தோட்டம் உள்ளது. அங்கே இந்தியப் படையைச் சேர்ந்த கூர்க்கா வீரரும் பிற வீரருமாக 600-க்கு மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். தெற்கே சாங்ரோ ஆற்றங்கரைக் கல்லறையில், தங்கள் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட இந்திய வீரர்களுக்கும் நினைவுச்சின்னம் உண்டு. குடை விரித்த மணற்பரப்பைக் காணச் செல்லும் இந்தியர் எவரும் அந்த அமைதியான தோட்டத்தையும் ஒருமுறை சென்று காண்பது கடமை. ஊர் திரும்பும் விடுமுறை கிடைக்காதவர்கள் அங்கே உறங்குகிறார்கள்.

போருக்குப் பின் இத்தாலி ஒரு புதிய அரசியலமைப்பை இயற்றிக்கொண்டது. அது 1948 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 36-ஆம் பிரிவு, தொழிலாளிக்கு வார ஓய்வும் சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுமுறையும் உரிமை என்று கூறுகிறது. அதோடு நில்லாமல், அவ்வுரிமையை அவன் தானே விட்டுக்கொடுக்கவும் இயலாது என்று சேர்த்துக் கூறுகிறது. இந்தப் பிற்பகுதியின் பொருள் ஆழமானது. பணத்தேவையால் நெருக்குண்டவன் தன் ஓய்வை விற்கத் துணிவான். முதலாளியும் வாங்கத் துணிவான். இருவரும் உடன்பட்டாலும் சட்டம் உடன்படாது என்பதே அதன் கருத்து. சம்பளத்தோடு விடுமுறை என்ற கொள்கையைச் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1936-லேயே ஓர் உடன்படிக்கையாக வகுத்திருந்தது. அதற்கு அரசியலமைப்பிலேயே இடம் தந்த நாடுகளுள் இத்தாலி ஒன்று.

உரிமை கிடைத்தது, தங்க இடம் வேண்டுமே! அதைக் கொடுத்தவர்கள் ரோமாஞா வட்டாரத்துக் குடும்பங்கள். இடிந்த வீட்டைக் கட்டும்போதே மேலே நான்கு அறைகள் சேர்த்துக் கட்டினர். தாய் சமைத்தாள், மகள் பரிமாறினாள், தந்தை கணக்கெழுதினார், கோடையில் வீட்டார் கீழ்த்தளத்து மூலையில் ஒடுங்கிக்கொண்டு நல்ல அறைகளை விருந்தினருக்கு விட்டனர். மூன்று வேளை உணவும் உறைவிடமும் சேர்த்து ஒரே தொகை. இத்தகைய சிறு விடுதிகள் நூற்றுக்கணக்கில் பெருகின. ஆகஸ்ட் மாதத்தில் மிலான், டூரின் நகரத்து ஆலைகள் மூடப்பட்டதும் தொழிலாளர் குடும்பங்கள் ரயிலிலும் சிறு காரிலும் அங்கே வந்திறங்கின. 1950-களிலிருந்து ஜெர்மானியரும் பெருந்திரளாக வரலாயினர்.

அக்கரையில் ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்று பார்ப்போம். கடலோர மணல் அரசாங்கத்தின் உடைமை. அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, கட்டணம் பெற்று, நடத்துவோரிடம் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரே நிறத்துக் குடைகள், நெல் நாற்று நட்டதுபோல் வரிசை பிசகாமல் நிற்கும். குடையும் இரண்டு சாய்வு நாற்காலியும் நாள் வாடகைக்கோ வார வாடகைக்கோ கிடைக்கும். கடலை ஒட்டிய முதல் வரிசைக்கு வாடகை மிகுதி. பல குடும்பங்கள் ஆண்டுதோறும் அதே கரையில் அதே எண்ணுள்ள குடையையே கேட்டுப் பெறுகின்றன. பக்கத்துக் குடையார் பழகிய அயலார். சென்ற கோடையில் தவழ்ந்த குழந்தை இக்கோடையில் ஓடுவதைக் கண்டு மகிழ்வர். இடையிடையே கட்டணமில்லாத பொதுக் கரைகளும் உண்டு. எங்கேயாயினும் அலை வந்து தொடும் நீரோரத்தில் யாவரும் தடையின்றி நடந்து செல்லலாம்.

காலையில் பாட்டிமார் முழங்கால் அளவு நீரில் நெடுந்தூரம் நடப்பர். சிறுவர் மணலில் வாய்க்கால் வெட்டுவர். காவலர் ஒருவர் உயர்ந்த மேடையிலிருந்து கடலை நோக்கிக்கொண்டிருப்பார்; அருகே இரட்டை மிதவை கொண்ட சிவப்புத் துடுப்புப் படகு ஆயத்தமாக நிற்கும். வெள்ளைக் கொடி பறந்தால் இறங்கலாம். சிவப்புக் கொடி ஏறினால் இறங்கலாகாது. நண்பகலில் கரை காலியாகிவிடும். உண்டபின் மூன்று மணி நேரமாவது குழந்தைகள் நீரில் இறங்கக் கூடாது என்பது இத்தாலியத் தாய்மாரின் கண்டிப்பான விதி. அது வரையில் உறக்கமும் சீட்டாட்டமும். பிற்பகலில் கடற்காற்று எழும். மாலையில் குளித்து, நல்லுடை உடுத்து, குடும்பம் குடும்பமாக வீதியில் உலாவுவர். அவ்வட்டாரத்தில் பியதீனா என்ற கோதுமை ரொட்டி பெயர் பெற்றது. பார்வைக்குச் சற்றுத் தடித்த சப்பாத்தி போன்றது. மாவு பிசைவதில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது பழைய முறை; எண்ணெய் சேர்ப்பதும் உண்டு. ஆகவே மரக்கறி உண்போர் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குவது நலம்.

இனி எதிர்க்கரைக்குச் செல்வோம். போருக்குப் பின் கிழக்குக் கரையின் பெரும்பகுதி, பொதுவுடைமை ஆட்சியிலிருந்த யூகோஸ்லாவியாவின் பகுதியாயிற்று. அங்கேயும் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை கிடைத்தது. தொழிற்சங்கங்களும் ஆலைகளும் கடலோரத்தில் ஓய்வு விடுதிகள் அமைத்துக் குறைந்த கட்டணத்தில் தொழிலாளரைத் தங்கவைத்தன. கரை நெடுக மலைச்சரிவை வெட்டி அமைத்த நெடுஞ்சாலை 1965-இல் நிறைவுற்றது. அதுவரை படகில் மட்டும் எட்டக்கூடியவாய் இருந்த ஊர்கள் பல பேருந்து நிற்கும் ஊர்களாயின. மூதாட்டிகள் துறைமுகத்திலும் பேருந்து நிலையத்திலும் நின்று, வருவோரை அழைத்துத் தம் வீட்டு அறையைக் காட்டினர். இரு கரைகளிலும் ஆட்சிக் கொள்கை வேறு. விடுமுறையைத் தாங்கியது மட்டும் இல்லத்தரசியின் அடுப்பும் அறையுமே.

1968-இல் யூகோஸ்லாவியாவும் மேற்கு ஜெர்மனியும் ஆள் சேர்ப்பு ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டன. இலட்சக்கணக்கானோர் மியூனிக், ஸ்டட்கார்ட் முதலிய நகரங்களுக்கு வேலை தேடிச் சென்றனர். கோடையில் அவர்கள் காரின் மேல் கட்டிய மூட்டைகளோடும் பிள்ளைகளோடும் இரவு முழுதும் ஓட்டி ஊர் வந்து சேர்ந்தனர். சேமித்த பணத்தில் கரையோரத்தில் வீடு கட்டியோரும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஒரு சுவர், ஓர் ஆண்டு கூரை என்று அவ்வீடுகள் மெல்ல வளர்ந்தன. ஜெர்மன் பள்ளியில் படித்த பிள்ளைகள், அந்த நான்கு வாரங்களில்தான் பாட்டியின் மொழியைக் காதாரக் கேட்டனர். நேயர்களே, இந்தக் காட்சிக்கு விளக்கம் வேண்டுவதில்லை. ஊர்ப்பெயர்களை மாற்றிவிட்டால் இது நம் கதை.

1991-இல் யூகோஸ்லாவியா உடைந்து போர் மூண்டது. அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் நாள் துப்ரோவ்னிக் நகரத்துப் பழங்கோட்டையின்மீது குண்டுகள் பொழிந்தன. கடலோர ஓட்டல்கள் பல, வீடிழந்தோரின் புகலிடங்களாயின. விருந்தினர் தங்கிய அறைகளில் அகதிக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் சமைத்து வாழ்ந்தன. அமைதி திரும்பிய பின் பயணிகள் மீண்டும் வந்தனர். குரோஷியா 2013-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2023 சனவரியில் யூரோ நாணயத்தையும் ஏற்று, ஸ்லோவீனியாவுடனான எல்லைச் சோதனையையும் அப்போது நீக்கிக்கொண்டது.

இன்றைக்கு அக்கரைகளுக்குக் குறையே இல்லையா? உண்டு. 1989-ஆம் ஆண்டுக் கோடையில் வட அட்ரியாட்டிக்கில் பிசின் போன்ற நுரைப்படலம் கரையை மூடியது. நீராட வந்தவர்கள் திரும்பிச் சென்றனர். நுண்ணிய கடற்பாசிகள் சுரந்த பொருள் அது. அதற்கு முந்தைய ஆண்டுகளில், வயல் உரமும் சாக்கடையும் சலவைத் தூளிலுள்ள பாஸ்பரஸும் போ நதி வழியே வந்து பாசிப் பெருக்கத்துக்கு உணவிட்டு, நீரின் பிராணவாயுவைக் குறைத்து மீன்களைக் கொன்றதும் உண்டு. வண்டல் கொணர்ந்து மணற்கரை படைத்த நதியே கழிவையும் கொணர்ந்தது. சலவைத் தூளில் பாஸ்பரஸைக் குறைக்க இத்தாலி சட்டமியற்றிற்று. கடல்நீரை ஆய்வுப் படகு கொண்டு இடைவிடாது சோதிக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு. கிழக்குக் கரையிலோ வேறு கவலை. பழைய நகரங்களின் வீடுகள் பயணிகளுக்கு வாடகை அறைகளாக மாற மாற, ஊரார் வெளியேறுகின்றனர். கரை யாருக்கு என்ற கேள்வி இரு பக்கங்களிலும் எழுந்து நிற்கிறது. குடை வரிசை பெருகினால் பொதுக் கரை சுருங்கும். வாடகை உயர்ந்தால் யாருக்காகச் சட்டம் ஓய்வு தந்ததோ அந்தத் தொழிலாளிக்கே இடமில்லாது போகும்.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். ஆழமற்ற கடலை இயற்கை கொடுத்தது. ஏழைக் குழந்தைக்கும் கடற்காற்று வேண்டும் என்ற கருணையை ஒரு மருத்துவர் கொடுத்தார். எளிய உறைவிடத்தை வீட்டுப் பெண்கள் கொடுத்தனர். இவை மூன்றும் இருந்தும், சம்பளத்தோடு விடுமுறை என்ற சட்டம் இல்லாதிருந்தால் அக்கரை பிரபுக்களுக்கே உரியதாய் நின்றிருக்கும்.

நம் நாட்டிலும் அவ்வழியில் அடி எடுத்து வைத்ததுண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் உழைத்தவனுக்கு, இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு என்று விதித்தது. மத்திய அரசு ஊழியர் ஊர் சென்று வருவதற்கான பயணச் சலுகை 1956-இல் ஏற்பட்டது. எனினும் நம்மிற் பலர், பிள்ளையின் படிப்புக்கென்றும் பெண்ணின் கல்யாணத்துக்கென்றும் விடுப்பைச் சேர்த்துவைத்து, கடைசியில் பணமாக மாற்றிக்கொள்கிறோம். அதற்குரிய நெருக்கடிகளை அறியாமல் பேசுவது எளிது. அவற்றை அறிந்தே சொல்கிறேன். ஒரு நாட்டின் அரசியலமைப்பு, ஓய்வை விற்க அதன் உரிமையாளனுக்கே அனுமதி மறுத்தது ஏன் என்பதை நாம் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கவேண்டும். அந்த ஓய்வில் மனைவிக்குப் பங்கு உண்டு. குழந்தைகளுக்குப் பங்கு உண்டு. ஊரில் வழி பார்த்திருக்கும் முதியோருக்கும் பங்கு உண்டு. அவர்கள் கையெழுத்திடாத விற்பனை அது.

இக்கோடையில் ஊருக்கே செல்லுங்கள். அதனினும் இனிய இடம் வேறில்லை. சென்ற இடத்தில் இரண்டு நாளேனும் எந்தக் காரியமும் வைத்துக்கொள்ளாமல், பிள்ளைகளோடு ஒரு கடற்கரையிலோ ஆற்றங்கரையிலோ அமர்ந்திருங்கள். நம் கடல் அட்ரியாட்டிக் அன்று. அலை வலியது, சரிவு கடியது. ஆகையால் ஊர் மீனவரைக் கேட்டு, குழந்தைகளின் கையைப் பற்றிக்கொண்டே காலை நனையுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குச் செல்லுங்கள். சென்ற ஆண்டு தவழ்ந்த குழந்தை அந்த மணலில் ஓடக் காண்பீர்கள்.